வலிக்கு மருந்தும் வேண்டும், வரம்பும் வேண்டும்: பாறசாலை எல்லையில் சட்டத்தின் இரு முகங்கள்

புது தில்லி: அபினி வகை வலி நிவாரணிகள் அளவோடு இருந்தால் ஆறுதல், அளவு மீறினால் அடிமைத்தனம். இரண்டுக்கும் இடையே கோடு கிழிக்கும் சட்டம் தில்லியில் இயற்றப்படுகிறது. அதன் பலனும் பாதிப்பும் பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற எல்லைப் பகுதிகளின் மருத்துவமனை வாசலில்தான் தெரிகின்றன.

அமெரிக்காவில் 2022இல் மட்டும் இவ்வகைப் பொருள்களால் சுமார் 80 ஆயிரம் பேர் மாண்டனர். நியூயார்க் மாநகர அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மூன்று நாள்களுக்கு மேல் இம்மருந்துகளை எழுதித் தருவதற்கு 2013இலேயே வரம்பு விதிக்கப்பட்டது.

இந்தியாவின் கதை நேர்மாறானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்துடன் அபினி விளைகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கடும் தண்டனைக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. அடுத்த 12 ஆண்டுகளில் அதன் மருத்துவப் பயன்பாடு 90 விழுக்காட்டிற்கும் மேல் சரிந்தது. புற்றுநோயாளிகள் வலியோடு மடிந்தனர்.

இந்நிலையை மாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் திருவனந்தபுரம் 'பாலியம் இந்தியா' அமைப்பின் நிறுவனர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பல உரிமங்களுக்குப் பதில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றானது. 2015இல் மார்ஃபின் உள்பட ஆறு மருந்துகள் இந்த ஏற்பாட்டிற்குள் வந்தன.

மறுபுறம் பிடியும் இறுகியது. டிரமடால் போன்றவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என 2014இல் கடைகளுக்கு விதிக்கப்பட்டது. 2018இல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்தது.

1956இல் மொழிவழியே மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு உறவுகளையும் கடைத்தெருக்களையும் பிரிக்கவில்லை. மருந்துக் கண்காணிப்பைப் பிரித்துவிட்டது. பாறசாலையில் எழுதிய சீட்டுக்குக் களியக்காவிளையில் மருந்து வாங்கினால், அந்த விற்பனை மறு மாநிலத்தின் கண்காணிப்பில் சேரும். மீண்டும் சீட்டு எழுதும் மருத்துவர் அதை அறிய வழியில்லை.

சுளுக்குக்கும் சிறு காயத்துக்கும் பாராசிட்டமால் போன்றவற்றில் தொடங்குவது, வலிமையான மருந்து தேவையெனில் சில நாள்களுக்கு மட்டும் தருவது, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழிலேயே எச்சரிக்கை வழங்குவது, விவரங்களை இரு மாநிலங்களும் பகிர்வது ஆகியவை உடனடித் தேவை. அதேவேளையில், கட்டுப்பாட்டின் பெயரால் புற்றுநோயாளியைத் திருப்பி அனுப்பினால், 1985க்குப் பிந்தைய தவறே மீண்டும் அரங்கேறும்.