ஒரு போன் கால்... நொறுங்கிப்போன மேனேஜர்! 60 வருடம் தாண்டியும் பதறவைக்கும் 'கேஷ் ஆன் டிமாண்ட்'

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டே நாள். வெளியே பனி. இங்கிலாந்தின் சின்ன ஊர் ஒன்றில் வங்கிக் கிளை திறக்கிறது. ஊழியர்கள் பார்ட்டி பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மேனேஜர் உள்ளே வருகிறார். சிரிப்பு சட்டென்று அடங்கிவிடுகிறது.

1961-ல் வெளியான 'கேஷ் ஆன் டிமாண்ட்' இப்படித்தான் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், நடுவில் போனைக் கையில் எடுக்கத் தோன்றாது!

கதை என்ன?

மேனேஜர் ஃபோர்டைஸ் படு கறார். சீனியர் கிளார்க் பியர்சன் கணக்கில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட, 'உன் வேலையே போய்விடும்' என்று மிரட்டுகிறார். இத்தனை வருட உழைப்பு அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

கொஞ்ச நேரத்தில், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். பெயர் கர்னல் கோர் ஹெப்பர்ன். ஃபோர்டைஸின் அறைக் கதவு மூடியதும் போன் மணி அடிக்கிறது. மறுமுனையில் மனைவியின் அலறல்! மனைவியும் மகனும் எங்கள் பிடியில் இருக்கிறார்கள், சொன்னபடி கேட்டால் பிழைப்பார்கள் என்கிறார் கர்னல். இனி இந்தக் கொள்ளைக்குக் கூட்டாளி, மேனேஜரேதான்.

பட்ஜெட்டைவிடப் பெரிய கொள்ளை!

படத்தைத் தயாரித்தது டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் படங்களால் உலகப் புகழ்பெற்ற ஹேமர் நிறுவனம். செலவு சுமார் 37,000 பவுண்டுதான். படத்தில் கர்னல் குறிவைக்கும் தொகையோ 90,000 பவுண்டுக்கும் மேல்!

அப்போது பிரிட்டன் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் இருந்தது. பெரிய படத்துக்குத் துணையாகப் போடவே இப்படிச் சிக்கனமான படங்களை எடுத்தார்கள். இந்தக் கதையும் முதலில் 1960-ல் டி.வி. நாடகமாக வந்ததுதான். அதை இயக்கிய க்வென்டின் லாரன்ஸே படத்தையும் இயக்கினார். கர்னலாக ஆண்ட்ரே மோரெல், பியர்சனாக ரிச்சர்ட் வெர்னான் என இரண்டு நடிகர்களும் நாடகத்திலிருந்து அப்படியே வந்தார்கள்.

பணம் இல்லாததே படத்துக்குப் பலமாகிவிட்டது. கார் துரத்தல் இல்லை, ஊர் சுற்றல் இல்லை. கேமரா கிட்டத்தட்ட வங்கியை விட்டு நகர்வதே இல்லை. மேனேஜருக்குத் தப்பிக்க வழியில்லை, நமக்கும்தான்.

கஷிங்கின் கண்கள்!

ஃபோர்டைஸாக வருபவர் பீட்டர் கஷிங். 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் மிரட்டிய டார்க்கின் இவர்தான். இங்கே இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நுழைபவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கசங்குகிறார். வியர்க்கிறது, குரல் நடுங்குகிறது, கண் கலங்குகிறது.

எதிரே மோரெல் புன்னகை மாறாமல், மேனேஜரின் சிகரெட், டீ வரை எல்லாவற்றிலும் நிதானமாக உரிமை எடுத்துக்கொள்கிறார். இதே இருவர்தான் 1959-ல் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' படத்தில் ஷெர்லாக் ஹோம்ஸாகவும் வாட்சனாகவும் தோள் கொடுத்தவர்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இந்த மோதல் இன்னும் ருசிக்கும்.

ஆனால், படம் மனதில் நிற்பது கொள்ளையால் அல்ல. 'ஊழியர்களிடம் கொஞ்சம் அன்பாக இருந்தால் என்ன?' என்று மேனேஜரைக் கேட்பவன் அந்தத் திருடன்தான்! காலையில் யாரை மிரட்டினாரோ, அதே பியர்சனின் தயவில்தான் இப்போது ஃபோர்டைஸின் குடும்பமே இருக்கிறது. உண்மையைச் சொல்லவும் முடியாது. 'என்னை நம்புங்கள்' என்று மட்டும்தான் கேட்க முடியும். இத்தனை நாள் யாரையுமே நம்பாத மனிதரை, யார் நம்புவார்கள்?

பதிலை இங்கே சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும். ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும் படம். வீட்டில் எல்லோரும் சேர்ந்தே பார்க்கலாம். பார்த்து முடித்த மறுநாள், அலுவலகத்தில் எதிர் சீட்டில் இருப்பவருக்கு நீங்களே முதலில் 'குட் மார்னிங்' சொல்லத் தோன்றினால், அது இந்தப் படத்தின் வெற்றி!