பறக்குமுன் பார்க்க வேண்டியவை

ராமாபுரத்திலிருந்து டெல்லிக்கு விடியற்காலை விமானத்தைப் பிடிக்க விரும்புவோர் முந்தைய இரவே வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மைசூரில் மண்டகள்ளி விமான நிலையம் இருந்தாலும், நெடுந்தூரப் பயணங்களுக்கு நாம் பெரும்பாலும் நாடுவது பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்தைத்தான். அந்நிலையத்தில் 2023 ஜனவரி 9 அன்று காலை, டெல்லி செல்லவிருந்த கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்தின் விமானம், 55 பயணிகளைப் பேருந்தில் காத்திருக்க விட்டுவிட்டுப் பறந்து சென்றது. அவர்கள் அனைவரும் சோதனைகளை முடித்து, கையில் போர்டிங் பாஸுடன் இருந்தவர்கள். நிலைய ஊழியர், வணிகப் பிரிவினர், விமானப் பணிக்குழுவினர் ஆகியோரிடையே தகவல் சரியாகப் பரிமாறப்படவில்லை என்று கண்ட சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், நிறுவனத்துக்கு 10 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

செய்தியைப் படித்த பலர் நகைத்தனர். வங்கியில் பணியாற்றும் நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. மாலையில் கல்லாவில் உள்ள ரொக்கம் ஏட்டோடு பொருந்தாமல் எந்தக் காசாளரும் வீட்டுக்குப் போவதில்லை. விமானத்திலும் கதவு மூடப்படுமுன் முடிக்க வேண்டிய அத்தகைய கணக்கு ஒன்று உண்டு. ஏறியவர் எத்தனை பேர், சரக்கு எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்ற எண்களைக் கொண்டே விமானத்தின் மொத்த எடை கணிக்கப்படுகிறது. எந்த வேகத்தில் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்பதையும் அந்த எடையே தீர்மானிக்கிறது.

ஓர் எண் தவறினால் என்ன ஆகும் என்பதை 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் உலகம் கண்டது. துபாய்க்குப் புறப்பட்ட எமிரேட்ஸ் விமானத்தின் எடை 362.9 டன். கணினியில் பதிவானதோ 262.9 டன். சரிபார்க்க வேண்டிய கட்டங்கள் பலவற்றையும் அந்தத் தவறான இலக்கம் கடந்து சென்றுவிட்டது. இலேசான விமானத்துக்குரிய விசையுடன் ஓடிய அந்தக் கனத்த விமானம், வால் தரையில் உரச, ஓடுபாதையின் எல்லையையும் தாண்டித்தான் மேலெழுந்தது. அதிலிருந்த 275 பேரும் உயிர் தப்பினர்.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளுடன் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானம் உயரே ஏறிக்கொண்டிருந்தபோது, பயணிகள் பலருக்கு மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் இரத்தம் கசிந்தது. ஆக்சிஜன் முகமூடிகள் மேலிருந்து தொங்கின. விமானம் மும்பைக்கே திரும்பியது. ஏறக்குறைய 30 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். காரணம் மிக எளியது. இயந்திரத்திலிருந்து அழுத்தமான காற்றை எடுத்துப் பயணிகள் அறைக்கு அனுப்பும் அமைப்பின் சுவிட்சை விமானிகள் இயக்க மறந்துவிட்டனர். இயந்திரம் பழுதாகவில்லை, வானிலையும் கெடவில்லை. செய்ய வேண்டிய ஒரு சிறு செயல் செய்யப்படாமல் போனது, அவ்வளவே.

இதே வகைத் தவறு 2005 ஆகஸ்ட் 14 அன்று 121 உயிர்களைக் கொண்டது. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவனத்தின் விமானத்தில், முந்தைய இரவு பராமரிப்புச் சோதனை நடந்தது. அதற்காகக் காற்றழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகியைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறை நிலைக்கு மாற்றியவர்கள், அதை அப்படியே விட்டுச் சென்றனர். விமானிகள் அதைக் கண்டறிய மூன்று வாய்ப்புகள் இருந்தன: புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தம், இயந்திரத்தை இயக்குமுன் படிக்கும் பட்டியல், மேலெழுந்த பின் படிக்கும் பட்டியல். மூன்றிலும் அது தப்பிவிட்டது. ஏறும் வழியில் எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் தரையில், புறப்பாட்டு அமைப்பில் பிழை இருந்தால் ஒலிக்கும் ஓசையும் அதே ஓசைதான். விமானிகள் அதை வேறொரு கோளாறாகக் கருதினர். ஆக்சிஜன் குறைந்தால் மனிதர் வலியை உணர்வதில்லை; முதலில் மங்குவது அறிவுதான். விமானிகள் நினைவிழக்க, விமானம் தானாகவே ஏதென்ஸ் வானில் சுற்றிச் சுற்றி, எரிபொருள் தீர்ந்து மலைச்சரிவில் வீழ்ந்தது.

ஒரே பொருளை மூவர் பார்த்தால் பிழை மும்மடங்கு குறையும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். முன்னவர் பார்த்திருப்பார் என்று பின்னவரும், பின்னவர் பார்த்துக்கொள்வார் என்று முன்னவரும் இருந்துவிட்டால், மூன்று கையொப்பமும் ஒரே கையொப்பத்தின் நகல்தான்.

இந்தப் பட்டியல் படிக்கும் வழக்கமே ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இயந்திர விமானம் ஒன்று சோதனைக்காக மேலெழுந்த சில நொடிகளில் வீழ்ந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாமல் இருக்க வால் பகுதிக்கு இடும் பூட்டை விடுவிக்காமலே பறந்துவிட்டனர். ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்லர், தேர்ந்த இராணுவ விமானி. அவரும், உடனிருந்த போயிங் விமானியும் மாண்டனர். ஒருவர் நினைவில் தாங்கக் கூடியதை விட இவ்விமானத்தில் வேலை அதிகம் என்பதை உணர்ந்த விமானப்படையினர், செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதிவைத்தனர். இன்றும் ஒருவர் பட்டியலைப் படிக்க, மற்றவர் குறித்த பாகத்தைக் கண்ணால் பார்த்து விடை கூறுகிறார். பாராமலே விடை கூறும் பழக்கம்தான் இம்முறையின் பகை.

கணக்குப் பிழைகளில் நம்மை மிகவும் ஈர்ப்பது கனடாவில் நேர்ந்தது. 1983 ஜூலை 23 அன்று எட்மன்டன் செல்லவிருந்த ஏர் கனடா விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. அளவுமானி பழுதாகியிருந்ததால், தொட்டியில் கோலிட்டு அளந்து, 7,682 லிட்டர் இருப்பதாகக் கண்டனர். லிட்டரை எடையாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினர். கிடைத்த 13,597 என்பதைக் கிலோ என்று கொண்டு, குறைந்த 8,703-ஐ மீண்டும் 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் நிரப்பினர். கூட்டல், பெருக்கல், வகுத்தல் யாவும் சரி. ஆனால் 1.77 என்பது பவுண்டுக்கு உரிய எண். கிலோவுக்கு உரியது 0.803. நிரப்பியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். அப்போது கனடா பவுண்டிலிருந்து மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றன. தலைமை விமானி கிளைடர் ஓட்டிப் பழகியவராக இருந்ததால், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் 69 பேரையும் உயிருடன் இறக்கினார். எண்ணைச் சரிபார்த்தவர் எவரும் எண்ணுக்குப் பின்னால் நின்ற அலகைக் கேட்கவில்லை.

வங்கியில் ஒருவர் பதிவு செய்வதை மற்றொருவர் ஒப்புதல் அளிப்பதும், பெட்டக அறையின் சாவிகள் இருவரிடம் இருப்பதும் இதே அச்சத்தால் வந்த ஏற்பாடுகள். இருந்தும் ஓரிடத்தில் நெடுங்காலம் வாசல் திறந்தே கிடந்தது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியே பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயரை எவ்வளவு திருத்தமாக எழுதினாலும், வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைக் கொண்டு மட்டுமே. ஓர் இலக்கம் மாறி அந்த எண் வேறொருவருடையதாக இருந்துவிட்டால், பணம் அவரிடம் போய்ச் சேரும். இதற்காக, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் இட்டவுடன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. இணையம், கைப்பேசி வழியே அனுப்புவோருக்கும், கிளைக்கு நேரில் வருவோருக்கும் இது உண்டு, கட்டணம் இல்லை. பெயர் திரையில் தோன்றும்போது அதைப் படித்துவிட்டு அடுத்த பொத்தானை அழுத்துமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.