பஸ் விபத்தில் காயமா? குடியிருக்கும் ஊரிலேயே நஷ்டஈடு கேட்கலாம்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் போக நம்பியிருப்பது பஸ்ஸைத்தான். வழியில் விபத்து நேர்ந்து கை, கால் முறிந்தால், வழக்குக்காகக் கிருஷ்ணகிரிக்கும் வேலூருக்கும் யார் அலைவது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தப்படி, காயம்பட்டவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். பெங்களூரில் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதிகள் இவ்வழக்குகளை விசாரிக்கிறார்கள்.

ஆறு மாதக் கெடு

2022 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்கிறது. ஆகவே தாமதம் கூடாது.

தச்சரும் குமாஸ்தாவும்

இடது கை போனால் எல்லோருக்கும் ஒரே தொகையா? இல்லை. தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போய்விடும். அரசாங்க குமாஸ்தா வேலையில் தொடரலாம். வருமான இழப்பைத் தொழிலைப் பார்த்தே கணக்கிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் விளக்கியது. ஆகவே என்ன வேலை, என்ன கூலி என்பதற்கு அத்தாட்சி முக்கியம். சம்பளச் சீட்டு, பாங்கு பாஸ் புத்தகம், மேஸ்திரியின் சாட்சியம் எல்லாம் உதவும்.

போலீஸ் முதல் தகவல் அறிக்கை நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மருந்து ரசீதுகள், ஊனச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வக்கீல் பீஸுக்கு வழியில்லையா? பெண்கள், ஆலைத் தொழிலாளர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானக்காரர் ஆகியோருக்குச் சட்ட உதவி ஆணையம் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சில ஆயிரங்களை நீட்டி, 'சமாதானம்' என்று காகிதம் கொண்டுவருவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்!