பெட் ஸ்கேனுக்கு கேஷ்லெஸ் இல்லையா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை ஏழு மணி. நேற்று இரவிலிருந்து அப்பா எதுவும் சாப்பிடவில்லை. ஸ்கேன் சென்டர் கவுன்டரில் இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டுகிறீர்கள். "சார், இதுக்கு கேஷ்லெஸ் வராது. 20,000 ரூபா கட்டிட்டீங்கன்னா ஊசி போட்டுடலாம்." நாளைக்கு வரலாமா என்று கேட்டால், "இன்னைக்கு டோஸ் வந்தாச்சே சார்!"

புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்திலேயே குடும்பங்கள் தடுமாறும் இடம் இது.

அது என்ன டோஸ்?

பெட்-சிடி ஸ்கேனுக்கு முன் எஃப்டிஜி என்ற கதிரியக்க சர்க்கரையை ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்துவார்கள். பல வகைப் புற்றுநோய் செல்கள் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த இடங்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். இதிலுள்ள ஃப்ளோரின்-18 சுமார் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே ஸ்டாக் வைக்க முடியாது. சைக்ளோட்ரான் கருவியில் தயாரித்து, அன்றே கொண்டுவந்து, அன்றே பயன்படுத்த வேண்டும். செலவு அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசி நேரத்தில் தேதியை மாற்ற முடியாததும் இதனால்தான்.

கேஷ்லெஸ் ஏன் கிடைப்பதில்லை?

பெட் ஸ்கேன் பெரும்பாலும் அட்மிஷன் இல்லாமல் எடுப்பது. வழக்கமான பாலிசிகள் அட்மிஷனை வைத்தே பணம் தருகின்றன. 'ஒரு நாள் அட்மிட் பண்ணிட்டா கிளெய்ம் ஆகிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனால் பணம் தர வேண்டியதில்லை என்ற விதிவிலக்கு பாலிசியிலேயே இருக்கும்.

அப்படியென்றால் பணம் போனது போனதுதானா? இல்லை. பல பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவுகளுக்கு இடம் உண்டு. ஸ்கேனைத் தொடர்ந்து அதே நோய்க்கு ஆபரேஷனோ, டே-கேர் கீமோவோ நடந்தால், அந்தக் கிளெய்மோடு ஸ்கேன் பில்லையும் சேர்க்கலாம். டாக்டரின் சீட்டு, ஒரிஜினல் பில், பணம் கட்டிய ரசீது, ரிப்போர்ட் நான்கும் பத்திரம். ஆனால், சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து எடுக்கும் ஃபாலோ-அப் ஸ்கேன், புறநோயாளி செலவுக்கான கவர் இல்லாவிட்டால், பெரும்பாலும் நம் கைக்காசுதான்.

செலவைக் குறைக்க...

* இந்தக் கட்டத்தில் பெட் தேவையா, சிடி போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். தவறில்லை. ஆனால் பணத்துக்காக நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சை முடிவாகும். தாமதமானால் மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொல்லவும் வாய்ப்புண்டு.
* மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உட்பட சில அரசு மருத்துவமனைகளில் பெட்-சிடி வசதி உண்டு. கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.
* குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். எந்த ஸ்கேன் அதில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேளுங்கள்.
* ஆபீஸ் பாலிசியில் பெற்றோர் இருந்தால், 'கார்ப்பரேட் பஃபர்' உண்டா என ஹெச்.ஆரிடம் விசாரியுங்கள்.
* ரிப்போர்ட்டோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் மறுபடி எடுக்கும் செலவு மிச்சமாகலாம்.

இழுத்தடித்தால்?

அட்மிஷனுக்கான கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதி. கிளெய்மை மறுத்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு முதலில் புகார் அனுப்புங்கள். 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். 30 நாளில் தீராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு.

ஸ்கேனுக்கு டேட் வாங்கும் அன்றே இன்ஷூரன்ஸுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு அப்பா உட்கார்ந்திருக்கும்போது கவுன்டரில் பேரம் பேசும் நிலை வர வேண்டாம்.