மலைநாட்டு முதியோரும் கண் சத்திர சிகிச்சையும்

கண்ணின் கருமணிக்குப் பின்னால் ஒளியைக் குவிக்கும் வில்லை அமைந்துள்ளது. அதற்கும் விழித்திரைக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பும் தெளிந்த கூழ்ப்பொருள் கண்ணாடியுடனீர் எனப்படும். முதுமையில் வில்லை மங்குவதே கண்புரை. கூழ்ப்பொருள் சுருங்கி அதன் இழைகள் திரளும்போது, ஈயும் நூலும் மிதப்பன போன்ற நிழல்கள் தோன்றும். இந்நிழல்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றிற்குச் சத்திர சிகிச்சை வேண்டா. ஆனால், நீரிழிவினால் குருதி கசிந்து உண்டாகும் கடுங்கலங்கல், புரையை நீக்கிய பின்னரும் பார்வையை மறைத்து நிற்றல் கூடும்.

இலண்டனில் ரிட்லி என்பார் 1949 ஆம் ஆண்டில் செயற்கை வில்லையை முதன்முதலிற் கண்ணினுட் பொருத்தினார். 1967 இல் அமெரிக்கரான கெல்மன், கழியொலியாற் புரையை உடைத்து உறிஞ்சும் முறையை வகுத்தார். 1970 இல் மயாமி நகரில் மக்கெமர், சிறு துளை வழியே கண்ணாடியுடனீரை வெட்டி அகற்றிக் காட்டினார். ஐம்பது வயதைக் கடந்தோரிடத்துக் கண்ணாடியுடனீரை மட்டும் அகற்றின், பெரும்பாலும் ஈராண்டுக்குள் புரை முற்றிவிடும். ஆதலின், தக்க நோயாளருக்கு இரண்டையும் ஒரே அமர்விற் செய்வர். இரண்டாம் முறை பயணமும் செலவும் இதனால் மிஞ்சும். எனினும், கிருமித் தொற்று, விழித்திரை கழலுதல் ஆகிய இடர்கள் இதற்கும் உண்டு.

மலைநாட்டார் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுளது. விழித்திரையிற் கிழிவோ துளையோ காணப்படின், அதனை அழுத்திப் பிடிக்கக் கண்ணினுள் வாயுவை நிரப்புவர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பை நோக்க, அங்கு வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்கம் குறையக் குறைய வாயு விரியும் என்பது போயிலின் விதி. கொழும்பில் சிகிச்சை பெற்றவர் உடனே மலையேறின், கண்ணினுள் உள்ள வாயுக்குமிழ் விரிய முயலும்; விரிய இடமின்மையால் கண்ணின் உள்ளமுக்கம் உயரும். கடும் வலியும் பார்வையிழப்பும் நேரலாம். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவோர்க்கும் இவ்விதி பொருந்தும்.

வாயுவின் வகைக்கேற்ப அது கரைய இரு வாரம் முதல் இரு மாதம் வரை செல்லும். வாயு நிரப்பப்படாதவர்க்கு இத்தடை இல்லை. ஆகவே, தாம் வாழும் தோட்டம் எத்துணை உயரத்தில் உள்ளது என்பதை நோயாளர் சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். வாயு கரையும்வரை சமவெளியில் தங்குவதற்கு உறவினர் வீட்டையேனும் பிற இடத்தையேனும் முன்னதாக ஒழுங்கு செய்தல் நன்று. வைத்தியர் இசைவு தந்த பின்னரே மலையேறுதல் தகும்.

திடீரென மின்னொளி தோன்றினும், புதிய நிழல்கள் பெருகினும், திரை இறங்குவது போன்று பார்வை மறையினும், அன்றே கண் வைத்தியரை நாடுதல் வேண்டும். முதுமையின் குறை இதுவென்று வாளாவிருப்பின், காக்கக்கூடிய பார்வையும் கைநழுவிப்போம்.