தக்காளி எந்த வீட்டுப் பிள்ளை?

தக்காளிக்கு லத்தீனில் என்ன பெயர் என்று ஜூலியஸ் சீசரைக் கேட்டிருந்தால் விழித்திருப்பார். தென் அமெரிக்காவில் தோன்றிய இந்தச் செடி 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அதற்கு லத்தீன் பெயரைத் தாவரவியலாளர்களே தேட வேண்டியிருந்தது.

1694இல் பிரான்சின் தூர்ன்ஃபோர் அதை 'லைக்கோபெர்சிகான்' என்றார். கிரேக்க வேர்ச்சொற்களைப் பிரித்தால், ஓநாய்ப் பீச்! ரசத்துக்குக் கரைக்கிற பழத்துக்கு இப்படி ஒரு பெயர்.

1753இல் ஸ்வீடனின் லின்னேயஸ் அதைக் கத்தரி, உருளைக்கிழங்கு இருக்கும் 'சொலானம்' பேரினத்தில் சேர்த்தார். பெயர் 'சொலானம் லைக்கோபெர்சிகம்' ஆனது. லண்டன் தோட்டக்கலைஞர் ஃபிலிப் மில்லருக்கு அது ஒப்பவில்லை. தக்காளியைத் தனிக்குடித்தனம் வைத்து, 1768இல் 'லைக்கோபெர்சிகான் எஸ்குலெண்டம்' என எழுதினார். எஸ்குலெண்டம் என்றால் உண்ணத்தக்கது. தக்காளி விஷம் என்று பலர் அஞ்சிய காலம் அது. அந்தப் பெயர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. பழைய பாடநூல்களில் இன்றும் பார்க்கலாம்.

லத்தீன் பெயரின் முதல் சொல் வெறும் அடையாளம் அல்ல, உறவுமுறை. யாருக்கு யார் சொந்தம் என்று அது சொல்லியாக வேண்டும். 1993இல் டேவிட் ஸ்பூனர் குழுவினர் பசுங்கணிக டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, தக்காளிக்கு மிக நெருங்கிய சொந்தம் உருளைக்கிழங்கு எனத் தெரிந்தது. உருளை சொலானம் என்றால் தக்காளியும் சொலானம்தான். லின்னேயஸ் வைத்த பெயர் மீண்டது.

தமிழிலும் இந்த உறவு பெயரிலேயே இருக்கிறது. நம் மண்ணில் மணத்தக்காளியும் சொடக்குத்தக்காளியும் முன்பே இருந்தன. கடல் கடந்து வந்த செடியைச் சீமைத்தக்காளி என்று அவற்றோடு சேர்த்துவிட்டார்கள். மணத்தக்காளி சொலானம், சொடக்குத்தக்காளி அதே கத்தரிக் குடும்பம். டிஎன்ஏ பார்க்காமலே பொருத்தம் பார்த்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

இந்தச் சொந்தம் வயலிலும் உதவுகிறது. தண்ணீர் தேங்கும் நிலங்களில் தக்காளிச் செடி எளிதில் அழுகும். கத்தரியின் வேர் ஓரளவு தாங்கும். அதனால் கத்தரி நாற்றின் அடித்தண்டில் தக்காளியை ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். வாரணாசியிலுள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம், ஒரே செடியில் மேலே தக்காளியும் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கும் விளைவித்துக் காட்டியிருக்கிறது.