நீரிழிவுள்ளோரும் கொள்ளைநோய்க் கால அச்சமும்

கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளை நம் அங்கத்தினர் எவரும் மறந்திருக்க மாட்டார். தறிகள் நின்றதும், விளைபொருள் களத்திலேயே தேங்கியதும் சங்க அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. பதிவாகாத துன்பம் ஒன்றும் உண்டு. அது நீரிழிவுள்ளோர் உள்ளத்தில் குடிகொண்ட அச்சமாகும். இந்நாட்டில் ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றமையால், இதனைச் சிலரது குறையெனத் தள்ளிவிட இயலாது.

அந்நாட்களில் மாலைதோறும் நம் மாநில அரசு வெளியிட்ட அறிக்கையில், இறந்தோரின் வயதும் அவர்க்கு முன்னரே இருந்த நோயும் குறிக்கப்பட்டன. 'இணை நோய்' என்னும் சொல் அப்போதுதான் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அதனைக் கேட்ட நீரிழிவாளர் பலர், நாளைய அறிக்கையின் ஒரு வரி தம்மைப் பற்றியதாகவே இருக்கும் என்று எண்ணி உறக்கம் இழந்தனர்.

இவ்வச்சத்தில் மெய்யும் பொய்யும் கலந்திருந்தன. நீரிழிவு இருந்தாலே தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும் என்று பலர் நம்பினர். மருத்துவர் வற்புறுத்தியது அதுவன்று; தொற்றிய பின் நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி என்பதே. அதுவும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்போர்க்குக் குறைவு. முன்னதை நம்புபவர் கதவடைத்து உட்காருவார். பின்னதை அறிந்தவர் மருந்தைத் தவறாது உட்கொள்வார். நடந்தது யாதெனில், மருத்துவமனைக்குச் சென்றால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்றஞ்சிச் சோதனையையும் மருந்தையும் கைவிட்டவர் பலர்.

அச்சம் உள்ளத்தோடு நின்றுவிடுவதுமன்று. மனம் கலங்குங்கால் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர்கள் மிகுந்து, கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடுகின்றன. உணவில் தவறாதவர்க்கும் அளவு ஏறுவது இதனாலேயே. அவரை "என்ன தின்றீர்?" என்று வீட்டார் அதட்டுவது எரியும் அடுப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். இன்னுமொரு சிக்கல்: அச்சத்தால் வரும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும், சர்க்கரை தாழ்ந்தாலும் வருவனவே. ஊசி போட்டுக்கொள்வோர் உடனே அளந்து பார்த்தல் வேண்டும். அளக்கும் வசதி இல்லையேல் சிறிது சர்க்கரை உண்பதே பாதுகாப்பு. தாழ்நிலை காத்திருக்காது.

எல்லாவற்றினும் கொடியது மறைத்தல். நாம் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில், பாவு வாங்க வந்த முதியவர் ஒருவர், இன்சுலின் ஊசி போடுவதை வீட்டில் எவர்க்கும் சொல்லாது, குப்பியைக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்ததாகக் கூறினார். இணைநோய்க்காரர் என்று தெரிந்தால் தறியில் உட்கார விடமாட்டார்கள் என்பதே அவர் கவலை. கோடை வெப்பத்தில் அம்மருந்து வலுவிழந்திருக்கும். மருந்து போட்டும் சர்க்கரை குறையாததைக் கண்டு அவர் மேலும் அஞ்சியிருப்பார். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறு கலயத்தில் குப்பியை வைக்கலாம். மணல் உலராது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்நோயைச் சுமப்பதே ஒரு தனித் துயரம் என்பதை அறிஞர் முன்னரே கண்டுள்ளனர். அமெரிக்க உளவியலர் வில்லியம் போலன்ஸ்கியும் அவர் துணைவரும் 1995இல் அதனை அளக்க 20 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். ஓயாது உணவை எண்ணுதல், நாளை என்னாகுமோ என்னும் கவலை, எவரும் நம்மை அறியார் என்னும் தனிமை ஆகியன அதில் வருகின்றன. கொள்ளைநோய் இவற்றை உண்டாக்கவில்லை, ஊதிப் பெருக்கியது.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொணர்ந்தது. மனக்கலக்கம் உடையோர் தமிழிலேயே பேசுவதற்கு 2022இல் தொடங்கிய 14416 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண்ணும் உண்டு. கூலி வழங்கும் நாளில் அங்கத்தினர் கண்ணில் படுமாறு அவ்வெண்ணைச் சங்கச் சுவரில் ஒட்டி வைப்பதற்குப் பதிவாளரின் ஆணை எதுவும் தேவையில்லை.